நாலாம் மேசையின் இரண்டாவது கையெழுத்து

நாலாம் மேசைக்கு அப்போது வயது ஐம்பத்திரண்டு. ஒரே மருத்துவமனை, ஒரே கீழ்த்தளம், ஒரே மேசை என்று பத்தொன்பது வருடமும் நான்கு மாதமும் ஓடியிருந்தன.

அவளுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. பெற்றவர்கள் பார்த்துப் பார்த்து வைத்த நீளமான பெயர் ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த அன்று மேற்பார்வையாளர் அம்மாள் அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது தடவை பாதியில் நிறுத்தி, பல்வலிக்காரி போலத் தாடையைத் தடவிக்கொண்டாள்.

"உனக்கு எந்த மேசை கொடுத்திருக்காங்க? நாலா? அப்போ நாலுன்னே கூப்பிடறோம். சரிதானே?"

புதிதாக வந்தவள் சரியில்லை என்றா சொல்வாள்? அப்படியே நின்றுவிட்டது. அந்த அறையில் ஆறு மேசைகள். ஒன்று, இரண்டு, ஐந்தில் உட்கார்ந்த உள்ளூர்க்காரர்களுக்குப் பெயர் இருந்தது. மூன்று, நாலு, ஆறில் இருந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு எண் இருந்தது. பெயர் உள்ளவர்களை 'நீங்க' என்பார்கள். எண் உள்ளவர்களை 'நீ' என்பார்கள். இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. காற்று மாதிரி அது பாட்டுக்கு இருந்தது.

வேலை இதுதான். மேலே அறுவை நடக்கும் தியேட்டர்களிலிருந்து கத்தரி, ரத்தக்குழாயைக் கவ்விப் பிடிக்கிற கிளாம்ப், ஊசி பிடிக்கிற இடுக்கி எல்லாம் ரத்தத்தோடு கீழே வரும். அடுத்த அறையில் கழுவி, காயவைத்து, ஜன்னல் வழியாக இந்தப் பக்கம் தள்ளுவார்கள். மேசைக்காரர் ஒவ்வொன்றையும் விளக்கடியில் பிடித்துப் பார்த்து, வாய் சேர்கிறதா, கறை உண்டா என்று சோதித்து, பட்டியல்படி எஃகுத் தட்டில் அடுக்கி, எண்ணி, நீலத் தாளில் உறை மாதிரி மடித்துச் சுற்றி ஒட்ட வேண்டும். பிறகு கிருமி சாக நீராவிப் பெட்டிக்குப் போகும். வயிற்று அறுவைக்கான பெரிய தட்டில் நாற்பத்து மூன்று சாமான்கள். ஒன்று குறைந்தால் அது யார் வயிற்றுக்குள் கிடக்கிறதோ என்று மேலே எல்லோரும் வெலவெலத்துப் போவார்கள்.

நாலாம் மேசை இரண்டு தடவை எண்ணுவாள். இடமிருந்து ஒரு தடவை, வலமிருந்து ஒரு தடவை. தன் பாஷையில்தான் எண்ணுவாள். எண்ணிக்கை மட்டும் வேறு பாஷையில் வரவே வரவில்லை அவளுக்கு. முதலில் வாய்விட்டு எண்ணினாள். முதல் மேசைக்காரி, காலையில் ஒரு பாட்டில் செண்ட்டைக் கொட்டிக்கொண்டு வருகிறவள், மூன்றாம் நாளே மேற்பார்வையாளர் அம்மாளிடம் போய்ச் சொன்னாள்: "அவ என்னமோ முணுமுணுக்கறா. மந்திரம் போடற மாதிரி இருக்கு, எனக்குக் கவனம் சிதறுது." அன்றோடு எண்ணிக்கை வாய்க்குள் போய்விட்டது. நாலாம் மேசையின் வீட்டில் அவளுக்குச் செண்ட்டுக்காரி என்று பெயர் வைத்தாயிற்று. மருத்துவமனையில் பெயரைப் பிடுங்கினார்கள், வீட்டில் பட்டப்பெயர் வைத்தார்கள், கணக்கு நேர்.

தட்டோடு ஒரு சீட்டு போகும். அதில் இரண்டு கட்டங்கள்: 'கட்டியவர்', 'சரிபார்த்தவர்'. பெயர் உள்ளவர்கள் முதல் கட்டத்தில் போட்டால் போதும். வெளிநாட்டில் பயிற்சி பெற்றவர்களின் தட்டுக்கு மட்டும் இரண்டாவது கட்டத்தில் ஓர் உள்ளூர்க்காரர் கையெழுத்துப் போட வேண்டும். நாலாம் மேசை எட்டாம் வருடம் மாலை வகுப்புக்குப் போய், அந்த ஊர் சான்றிதழையே வாங்கினாள். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. கொண்டுபோய் நீட்டினாள். மேற்பார்வையாளர் அம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரொம்ப நல்ல மார்க். ஆனா ரூல்ல 'வெளிநாட்டில் பயிற்சி பெற்றவர்'னு இருக்கு. நீ முதல்ல அங்கேதானே பயிற்சி எடுத்தே? அதை இல்லேன்னு ஆக்க முடியாதில்லையா?"

முடியாதுதான். சான்றிதழ் வீட்டில் துணி அலமாரியின் அடித்தட்டில் கிடக்கிறது.

அவளுடைய தட்டுகளைச் சரிபார்க்கப் போட்டிருந்தவர் ஐந்தாம் மேசைக்காரர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர், பருத்த உடம்பு, வெள்ளை மனசு. முதல் நாள் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், வாய்ப்பழக்கத்தில் "அண்ணே" என்றுவிட்டாள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படின்னா?"

"கூடப்பிறந்தவங்கள்ல மூத்தவர்."

"எங்க வீட்டுல நான் கடைக்குட்டி. என்னை ஒருத்தரும் மதிச்சதே இல்லை. இது நல்லா இருக்கே!"

பதிலுக்கு என்ன சொல்வது என்று அவளிடமே கேட்டு, அவர் மட்டும் அவளைத் தங்கச்சி என்றார். ஒரே வாரத்தில் அறை முழுவதும் அவரை அண்ணே என்றது. செண்ட்டுக்காரிகூட அண்ணே என்றாள், அர்த்தம் தெரியாமலே. ஆக, அந்த அறையில் அவள் பாஷையிலிருந்து ஒரே ஒரு சொல் எல்லோர் வாயிலும் புழங்கியது. அதில் அவளுக்கு ஒரு ரகசியச் சந்தோஷம் உண்டு.

முதல் எட்டு வருடம் அண்ணன் எழுந்து வந்து, தட்டை மேலாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு முழங்கால் மக்கர் பண்ணியது. ஐந்தாம் மேசைக்கும் நாலாம் மேசைக்கும் நடுவில் கழுவும் ஜன்னலைச் சுற்றிக்கொண்டு இருபத்திரண்டு அடி. ஒருநாள் அங்கிருந்தே கையை வீசினார்.

"தங்கச்சி, நீயே போட்டுடேன். நீ எண்ணினா சரியாத்தான் இருக்கும். நான் வந்து என்னத்தைப் பார்க்கப் போறேன்?"

"ஐயோ, வேண்டாம் அண்ணே. தப்பு."

"தப்பா? இந்த முட்டியோட ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை என்னை நடக்க வைக்கிறதுதான் தப்பு."

அவள் ஒரு பழைய சீட்டின் பின்பக்கம் நாலு தடவை எழுதிப் பார்த்தாள். ஒரு கொக்கி, ஒரு வளைவு, கீழே ஒரு புள்ளி. ஐந்தாவது தடவை வந்துவிட்டது. சில மாதத்தில் அவர் போடுவதைவிட அவள் போடுவதுதான் திருத்தமாக இருந்தது. ஒரு தடவை வங்கியில் கையெழுத்து சேரவில்லை என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வந்து விழுந்து விழுந்து சிரித்தார். "உன்னைக் கூட்டிட்டுப் போயிருக்கணும்!"

இப்படிப் பதினொரு வருடம்.

வீட்டில் கணவர், ஒரு மகள். கணவர் ரொட்டி வண்டி ஓட்டுகிறவர். அந்த நாட்டில் தங்குவதற்கான அவருடைய பர்மிட் மனைவியின் பர்மிட்டில் தொங்கியது, மகளுடையதும் அப்படியே. மகள் அந்த ஊரிலேயே பிறந்தவள். வேறு ஊர் அவளுக்குப் படத்தில்தான் தெரியும். ஆனாலும் பர்மிட் வேண்டும். பதினேழு வயது, பள்ளியின் கடைசிப் பரீட்சைக்கு நான்கு மாதம் இருந்தது. மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிப்பார்கள். இந்த முறை விண்ணப்பம் சேர வேண்டிய கடைசி நாள் இருபத்தெட்டாம் தேதி. அதோடு, 'இன்னார் எங்களிடம் நல்ல முறையில் வேலை செய்கிறார்' என்று மருத்துவமனை ஒரு கடிதம் தர வேண்டும். கடிதம் இல்லையென்றால் மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான். மகளின் பரீட்சையை எந்த ஊரில் போய் எழுதுவது?

பதினாலாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை எட்டு ஐந்துக்கு, இரண்டாம் தியேட்டரில் ஒரு பெரிய தட்டைப் பிரித்தார்கள். அறுவை தொடங்குமுன் எண்ணியபோது நாற்பத்திரண்டுதான் இருந்தது. வளைந்த சின்ன கிளாம்ப் ஒன்றைக் காணோம். வேறு தட்டு கொண்டுபோய் ஆரம்பிக்க முப்பத்தெட்டு நிமிடம் தாமதம். மயக்க ஊசி போடும் முன்பே கண்டுபிடித்ததால் நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. சீட்டில் 'கட்டியவர்' கட்டத்தில் நாலு என்று இருந்தது.

மேற்பார்வையாளர் அம்மாள் கூப்பிட்டனுப்பினாள். சீட்டு மேசைமேல் இருந்தது.

"நீ கட்டின தட்டு."

"ஆமா மேடம். ஆனா நான் ரெண்டு தடவை எண்ணினேன். நாற்பத்து மூணு இருந்துச்சு."

"அதான் எனக்கும் தெரியுமே. சரிபார்த்தவர் கையெழுத்துப் போட்டிருக்காரே! அவர் பார்க்கறப்போ நாற்பத்து மூணு. தியேட்டர்ல நாற்பத்து ரெண்டு. நடுவுல தாளுல சுத்தி ஒட்டினது யாரு?"

இரண்டாவது கையெழுத்தைத் தனக்குக் காவலாக வைத்திருக்கிறார்கள் என்றுதான் நாலாம் மேசை இத்தனை நாள் நினைத்திருந்தாள். தவறு நடந்தால் அவளைப் பிடித்துக் கொடுக்கத்தான் அதை வைத்தார்கள் என்பது இப்போதுதான் உறைத்தது. சரிபார்த்தவரை ஒரு கேள்வி கேட்பாரில்லை. போன மாதம் செண்ட்டுக்காரியின் தட்டு ஒன்று கத்தரி இல்லாமல் திரும்பி வந்தது. "மனுஷங்கதானே, பரவாயில்லைங்க" என்று அம்மாளின் இதே வாய்தான் சொல்லிற்று.

"வெள்ளிக்கிழமை பத்தரைக்கு விசாரணை. அதுவரை உன் பர்மிட் கடிதத்தை நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கேன். தப்பா எடுத்துக்காதே. உங்க ஆளுங்க மேல எனக்கு ஒண்ணும் கிடையாது."

வெளியே வந்தவள் தற்செயலாகச் சுவரில் ஒட்டியிருந்த மாத வருகைத் தாளைப் பார்த்தாள். அந்தத் தட்டைக் கட்டியது ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை. ஐந்தாம் மேசைக்கு நேரே ஒன்பதாம் தேதியில் 'விடுப்பு' என்று எழுதியிருந்தது.

கிட்டே போய் மறுபடி படித்தாள்.

அந்த வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அண்ணன் கன்னம் வீங்கி வந்ததை அவள் பார்த்தாள். "பல்லு உயிரை எடுக்குது" என்றார். ஏழு இருபதுக்கு அவர் பல் மருத்துவரிடம் கிளம்பிப் போனதை அவள் பார்க்கவில்லை. அவள் மேசையில் உட்கார்ந்தால் கதவு முதுகுப் பக்கம். அவர் அறையில் இருக்கிறார் என்ற நினைப்பிலேயே பத்து மணிக்குள் ஏழு தட்டுக்கு அவர் கையெழுத்தைப் போட்டுவிட்டாள். தேநீர் நேரத்தில்தான் நாற்காலி காலி என்று தெரிந்தது. ஏழில் ஒரு கை, மீதி நாலில் வேறு கை என்றால் யாராவது கேட்பார்கள் என்று பயந்து, மீதி நாலுக்கும் அதையே போட்டாள். உள்ளூர்க்காரியாக இருந்தால் 'அடடா, மறந்துட்டேன்' என்று ஏழு சீட்டையும் கிழித்துப் போட்டிருப்பாள். மறந்துவிட்டேன் என்று சொல்ல அந்த அறையில் அவளுக்கு இடம் இருந்ததில்லை.

புதன்கிழமை, உடை மாற்றும் அறைக்கு வெளியே பெஞ்சில் அண்ணன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கவலைப்படாதே தங்கச்சி. நானே பார்த்தேன், எல்லாம் சரியா இருந்துச்சுன்னு அடிச்சுச் சொல்லிடறேன்."

"ஒன்பதாம் தேதி நீங்க லீவு, அண்ணே."

அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பல் பிடுங்கிய இடம் இன்னும் ஆறவில்லை போலும்.

"எனக்கு ஓய்வுபெற இன்னும் பதினாலு மாசம் இருக்கு."

"தெரியும்."

"அப்போ... நான் போடலேன்னுதானே சொல்லணும்? போடலைதானே? பொய் இல்லையே?"

"பொய் இல்லை, அண்ணே."

"நீ அப்படிப் பார்க்காதே. எனக்கு என்னமோ பண்ணுது."

"நான் ஒண்ணும் பார்க்கலை. தேநீர் ஆறுது, குடிங்க."

திரும்பும்போது பேருந்தில் வழக்கம்போல் அவள் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. நின்றுகொண்டு வருகிறவர்கள் ஆறு பேர், எண்ணினாள். மற்ற நாளில் அதைப் பார்த்துப் பையை அங்கே வைத்துக்கொண்டு சௌகரியமாக வருவாள். அன்று பையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

மாலை சாப்பாட்டு மேசையில் விஷயத்தைச் சொன்னாள். மகள் புத்தகத்தை மூடினாள்.

"சொல்லிடும்மா. அந்த மனுஷன் பதினொரு வருஷமா ஒரு தட்டைக்கூட எண்ணினதே இல்லைன்னு போட்டு உடை."

"உடைச்சா?" என்றார் கணவர். "இவ கள்ளக் கையெழுத்துப் போட்டவ ஆயிடுவா. காணாமப் போனது ஒரு கிளாம்ப். அதுக்கு ஒரு திட்டோட விட்டாலும் விடுவாங்க. கையெழுத்துன்னா போலீஸு."

"அவர் சொல்லித்தானேப்பா போட்டா?"

"அவர் சொன்னதுக்குக் கையெழுத்து வாங்கி வச்சிருக்காளா?"

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கும் வந்தது. மூன்று பேரும் கொஞ்ச நேரம் சிரித்தார்கள்.

"என்னைக் கணக்குல எடுக்காதேம்மா" என்றாள் மகள், தட்டைப் பார்த்துக்கொண்டே. "பரீட்சை எங்கே வேணா எழுதிக்கலாம்."

"வாயை மூடு. சாப்பிடு."

கணவர் எழுந்து அவள் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனார். குழாயடியிலிருந்து, "ரொட்டி வண்டி எந்த ஊர்லயும் ஓடும்" என்றார். அவருக்குப் பொய் சொல்ல வராது, குரலே காட்டிக்கொடுத்தது.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மூன்றாவது மாடியில் ஒரு நீள மேசை. ஒரு பக்கம் பணியாளர் அதிகாரி, மேற்பார்வையாளர் அம்மாள், தியேட்டர் தலைமை நர்ஸ். இன்னொரு பக்கம் அவள் மட்டும். அதிகாரி முடி நரைத்தவர், அந்தக் கட்டடத்திலேயே அவளை 'நீங்க' என்ற ஒரே ஆள். அதனால் அவரிடம் இன்னும் பயமாக இருந்தது.

அதிகாரி சீட்டைப் பார்த்தார், வருகைப் பதிவேட்டைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். அண்ணனை உள்ளே கூப்பிட்டார்கள்.

"இது உங்க கையெழுத்தா?"

அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "என்னுது மாதிரிதான் இருக்கு."

"ஒன்பதாம் தேதி நீங்க விடுப்பு."

"ஆமாங்க. பல்லு."

"அப்போ நீங்க போடலை."

அண்ணன் அவளைப் பார்த்தார். அந்தப் பெரிய முகம் குழந்தை முகம் மாதிரி கோணிற்று. ஆம் என்றால் ஒருத்தி போவாள், இல்லை என்றால் அவர் போவார். மனுஷன் திக்கித் திணறி, "நான் அன்னிக்கு..." என்று ஆரம்பித்தார்.

அவளுக்குத் திடீரென்று எல்லாமே சலித்துப் போயிற்று. கோபம்கூட வரவில்லை. ஒரு நாள் முழுக்க நின்றுவிட்டு உட்கார்ந்தால் கால் எப்படித் துவண்டு போகுமோ அப்படி உள்ளே ஏதோ துவண்டது.

"நான்தான் போட்டேன்" என்றாள்.

மேற்பார்வையாளர் அம்மாள் "பார்த்தீங்களா?" என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

"அன்னிக்கு மட்டும் இல்லை. பதினொரு வருஷமா நான்தான் போடறேன். நாள் ஒண்ணுக்குப் பதினொண்ணு, பன்னிரண்டு தட்டு. அண்ணன் முட்டி வலிக்குதுன்னார். நான் சரின்னேன். ரெண்டு கட்டத்துலயும் இருக்கறது ஒரே கைதான். நான் எண்ணினேன், நான் கட்டினேன், நான் சரிபார்த்தேன். இத்தனை வருஷத்துல ஒரு தட்டுகூடத் திரும்பி வந்ததில்லை. வேணும்னா அவங்களைக் கேளுங்க."

தலைமை நர்ஸ் மெல்லத் தலையசைத்தாள். "நாலோட தட்டு இதுவரைக்கும் வந்ததில்லைதான்."

அதிகாரி ஒரு தாளை இழுத்துப் பெருக்கிப் பார்த்தார். வருடத்துக்கு இருநூற்று முப்பது நாள், ஒரு நாளைக்குப் பதினொன்று, பதினொரு வருடம். அடியில் வந்த எண்ணைப் பார்த்தார்: இருபத்தேழாயிரத்து எண்ணூற்று முப்பது. பேனாவை மூடிவிட்டார்.

"இத்தனை தட்டும் சரிபார்க்காமலே மேலே போயிருக்கு."

"சரிபார்த்துத்தான் போச்சு, சார்" என்றாள். "நான்தான் சரிபார்த்தேன்."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். இருவரையும் வெளியே இருக்கச் சொன்னார்கள். நடைபாதையில் இரண்டு நாற்காலிகள்தான். ஒன்றில் அவள், ஒன்றில் அண்ணன். இருபத்தைந்து நிமிடம் காத்திருந்தார்கள். கடைசியில், "நான் சொல்லத்தான் வந்தேன்" என்றார். எதைச் சொல்ல என்று அவளும் கேட்கவில்லை, அவரும் விளக்கவில்லை.

உள்ளே கூப்பிட்டபோது தீர்ப்பு தயாராக இருந்தது. ஒன்பதாம் தேதி காலை ஏழு முதல் ஏழு இருபதுவரை அண்ணன் அறையில் இருந்தார் அல்லவா? ஆகவே அவர் விடுப்பு முழுநாள் அல்ல, அரைநாள். அரைநாள் வேலையில் இருந்தவர் கையெழுத்துப் போட்டது முறைதான். பதிவேட்டில் திருத்தியாயிற்று. பதினொரு வருடம் பற்றி இங்கே யாரும் எதுவும் சொல்லவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்படிச் சொன்னால் வயிற்றில் தையல் போட்ட அத்தனை பேரும் வந்து வாசலில் நிற்பார்கள். கிளாம்ப் காணாமல் போனதற்கு மட்டும் நாலாம் மேசைக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை.

"கடிதம்?" என்றாள் அவள்.

"தருவோம்" என்றார் அதிகாரி, அவள் முகத்தைப் பார்க்காமல். "எச்சரிக்கை உண்டுங்கறதை அதுல குறிப்பிட வேண்டியிருக்கும். அது ரூல்."

அடுத்த புதன்கிழமை சலவை அறைக்காரர் அவளைத் தேடிவந்தார். அவரும் வெளிநாட்டுக்காரர்தான், வேறு நாடு. இருவருக்கும் பொதுவாக நூறு சொல் இருந்தால் அதிகம். கைக்குட்டையைப் பிரித்தார். வளைந்த சின்ன கிளாம்ப். பதினாலாம் தேதி இரண்டாம் தியேட்டரிலிருந்து வந்த பச்சைத் துணி மூட்டையில், மடிப்பில் சிக்கிக் கிடந்ததாம். பிடியில் அவள் தட்டின் எண் பொறித்திருந்தது. அதாவது, கிளாம்ப் தட்டோடு ஒழுங்காக மேலே போயிருக்கிறது. பிரிக்கும்போது துணியில் விழுந்ததை எடுக்காமல் மேலே யாரோ எண்ணியிருக்கிறார்கள்.

மேற்பார்வையாளர் அம்மாளிடம் கொண்டுபோய் வைத்தாள்.

"நல்லதாப் போச்சு, கிடைச்சுடுச்சே!" என்றாள் அம்மாள், இழுப்பறையைத் திறந்து உள்ளே போட்டபடி. "இதை மறுபடி கிளற வேண்டாம், என்ன? கிளறினா எல்லாத்தையும் கிளறணும். உனக்கும் நல்லதில்லை."

"எச்சரிக்கையை எடுத்துடுவீங்களா மேடம்?"

"அது ஃபைலுக்குப் போயிடுச்சு."

இருபத்தேழாம் தேதி விண்ணப்பம் சேர்ந்தது. பர்மிட் அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கடிதத்தைப் படித்து, ஒரு வரியில் விரலை வைத்து, கணினியில் ஏதோ தட்டினாள். மூன்று வருடத்துக்குப் பதில் ஒரு வருடம் கிடைத்தது. மகள் பரீட்சை எழுதலாம். அதற்கு மேல் என்ன என்பதை அடுத்த வருடம் இதே மாதம் பார்த்துக்கொள்ள வேண்டும். கணவர் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார். "பாலுக்குக்கூடத் தேதி போட்டுத்தான் விக்கறான்" என்றார்.

புது மாதம் ஒன்றாம் தேதி மருத்துவமனையில் புதுச் சீட்டு வந்தது. இப்போது மூன்று கட்டங்கள். வெளிநாட்டில் பயிற்சி பெற்றவர் கட்டும் தட்டுக்கு, நடந்த சம்பவத்தை முன்னிட்டு, இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும். ஒருவர் அண்ணன், இன்னொருவர் செண்ட்டுக்காரி. மூன்றாம் மேசையும் ஆறாம் மேசையும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளால் அவர்களுக்கும் சேர்த்து வந்த வினை. பிறகு தங்கள் தட்டுக்குக் குனிந்துகொண்டார்கள்.

அவள் முதல் தட்டை அடுக்கினாள். இடமிருந்து எண்ணினாள், வலமிருந்து எண்ணினாள். முதல் கட்டத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். பேனாவை மூடிச் சீட்டின்மேல் வைத்தாள். கைகளை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஐந்து நிமிடம் போயிற்று. ஐந்தாம் மேசையிலிருந்து அண்ணன் கையை வீசினார். "என்ன தங்கச்சி, உட்கார்ந்துட்டே?"

"நீங்க வரணும், அண்ணே. எண்ணணும்."

"விளையாடாதே. நீயே..." என்று ஆரம்பித்தவர், மேற்பார்வையாளர் அம்மாள் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்ப்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டார். எழுந்தார். இருபத்திரண்டு அடி, முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். செண்ட்டுக்காரியும் வந்து நின்றாள். வாசனை மூக்கைத் துளைத்தது.

"சீட்டைக் கொடு, போட்டுடறேன்" என்றாள் செண்ட்டுக்காரி.

"எண்ணிட்டுப் போடுங்க. ரூல்."

அண்ணன் குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பழக்கமில்லாத கை. கத்தரிகளைத் தாண்டிக் கிளாம்ப் வரிசைக்கு வந்ததும் எங்கே விட்டோம் என்று தெரியாமல் முழித்தார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். நாலாம் மேசை உதவவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. ஜன்னலில் கழுவிய தட்டுகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்து நின்றன. சுவர் போன் அடித்தது. அவளே எடுத்தாள்.

"ரெண்டாம் தியேட்டர். எங்க தட்டு எங்கே?"

"சரிபார்த்துட்டு இருக்காங்க, மேடம்."

"இவ்வளவு நேரமாவா?"

"ஆமா. ரெண்டு பேர்."

போனை வைத்துவிட்டு வந்தாள். அண்ணன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, உனக்கு என்மேல கோபமா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். கோபம் என்று எடுத்துக் காட்ட உள்ளே ஒன்றும் இல்லை. களைப்புதான் இருந்தது, நிறைய.

"இல்லை அண்ணே" என்றாள். "இருபத்தேழுல விட்டீங்க. எண்ணுங்க."

அவர் அடுத்த கிளாம்ப்பின்மேல் விரலை வைத்தார். அவரோடு சேர்ந்து அவளும் எண்ணத் தொடங்கினாள், தன் பாஷையில், வாய்விட்டு.